கல்யாணம் முடியட்டும் என்றாய்

அண்ணே,

இந்த ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில் படிக்கட்டுக்குக் கைப்பிடி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். வெல்டிங் வைக்கும் ஆள் முகமூடியை இறக்குவதும் ஏற்றுவதுமாக இருக்கிறார். சுட்ட இரும்பும் புகையும் கலந்த அந்த வாசம் வராந்தா முழுக்க நிற்கிறது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வேகமாகக் கடந்து போகிறார்கள். நான் மட்டும் பெஞ்சை விட்டு எழுந்திருக்காமல் இழுத்து இழுத்து மூச்சு விடுகிறேன். இது உன் சட்டை வாசம். மதினி சோப்பை மாற்றி மாற்றித் துவைத்துப் பார்த்துச் சலித்துப்போன வாசம்.

நாளைக் காலை எனக்குத் தோளெலும்புக்குக் கீழே பேஸ்மேக்கர் வைக்கிறார்கள். அதற்குப் பிறகு வெல்டிங் நடக்கிற இடத்தில் எட்டியே நிற்க வேண்டுமாம். நர்ஸ் அதைச் சொன்னபோது எனக்கு உன் மேல் கோபம்தான் வந்தது. செத்தவர்கள் மேல் கோபப்படக்கூடாது என்பார்கள். அந்த நியாயமெல்லாம் எனக்கு வேண்டாம். நேரில் சண்டை போட வழியில்லாமல் போனதால் எழுதுகிறேன்.

பழங்காநத்தத்தில் உன் வெல்டிங் பட்டறைக்கு நான் எப்போது வந்தாலும் டீ சொல்லிவிட்டு, ஸ்டூலை உன் துண்டால் துடைத்துப் போடுவாய். துடைத்த பிறகு அது முன்பைவிட அழுக்காக இருக்கும். கொரோனா சமயத்தில் ஆக்சிஜன் பார்க்க விரலில் மாட்டும் கிளிப் ஒன்று உனக்கு வாங்கி வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? மாட்டிப் பார்த்தால் ஆக்சிஜன் சரியாக இருந்தது. பக்கத்தில் நாடித்துடிப்பைக் காட்டும் எண்ணைப் பார்த்துவிட்டு, கிளிப் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துத் தட்டினேன். என் விரலில் மாட்டினோம், ஒழுங்காகக் காட்டியது. திரும்ப உனக்கு மாட்டினால் என்னுடையதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். நீயோ பட்டறையில் இருந்த அத்தனை பேருக்கும் விரலை நீட்டிக் காட்டினாய்.

"பாத்தியாடா, கபடி ஆடுன ஒடம்பு. மூச்சுப் பிடிச்சே பழகுன நெஞ்சு. சும்மா தடதடன்னு அடிக்காது."

பிறகு சுவரில் இருந்த கரண்ட் மீட்டரைக் காட்டி என்னிடம் சொன்னாய். "மீட்டரு மெதுவா ஓடுனா பில்லு கம்மி, ஏத்தா. நீங்கல்லாம் போன பெறகும் நான் கெடப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நாகமலை புதுக்கோட்டையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அறிவியல் எடுக்கிறவள் நான். விளையாட்டுக்காரர்களுக்குத் துடிப்பு குறைவாக இருக்கும், வாஸ்தவம்தான். பேரையூர்ப் பக்கம் உன்னைத் தெரியாத கபடி ஆட்டக்காரர்கள் இல்லை, அதுவும் வாஸ்தவம். ஆனால் நீ ஆட்டத்தை விட்டு ஒரு தலைமுறை ஆகிவிட்டதே! "ஒருக்கா டாக்டரப் பாருண்ணே" என்றேன். "பாத்துட்டேன். ஒண்ணுமில்லன்னுட்டாரு" என்றாய். என் முகத்தைப் பார்த்தே சொன்னாய். பொய் சொன்னால் காது மடலைத் தடவுவாய் என்று மதினி சொல்லுவாள். அன்றைக்கு அதையும் செய்யவில்லை.

என் மகள் கல்யாணத்தில் நீதான் தாய்மாமன். மேளத்தோடு சீர்வரிசைத் தட்டுகளைத் தெருமுனையிலிருந்து மண்டபத்துக்கு எடுத்து வந்தாய். புது வேட்டி, தலையில் உருமா, முன்னால் நாதஸ்வரம். மண்டபத்து வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டாய். மேளக்காரர்கள் தங்கள் வாசிப்பைக் கேட்கத்தான் நிற்கிறாய் என்று நினைத்து இன்னும் ஓங்கி வாசித்தார்கள். நீ ஒரு பைக்கின் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் ஓடிவந்து கேட்டதற்கு, "வெயிலு" என்றாய். மதுரையில் சித்திரை மாதத்தில் வெயில் என்று ஒருவர் சொன்னால் யார் மறுத்துப் பேசுவார்கள்? அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே நீ எங்கள் எல்லோரையும் ஏமாற்றினாய். இரும்புக் கேட்டைத் தூக்கி நிறுத்தும்போது கண் இருட்டினாலும் வெயில், மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்தாலும் வெயில், மார்கழி மாதத்தில் கூட வெயில்.

கடைசியிலும் அதைச் சொல்லிவிட்டுத்தான் போனாய். பேரையூருக்குப் போகிற வழியில் ஒரு புது வீட்டுக்குக் கேட் மாட்டப் போனவன், வேலை பாதியில் இருக்கும்போது "வெயிலு" என்று சொல்லிவிட்டு வேப்ப மரத்து நிழலில் போய்ச் சாய்ந்தாய். உன்னோடு வந்த ஆட்கள் தூங்குகிறாய் என்று நினைத்துச் சத்தம் போடாமல் வேலை பார்த்திருக்கிறார்கள். இழவு வீட்டுக்கு வந்தவர்கள், "படுக்கையில கெடக்காம போயிட்டாரு, குடுத்து வச்ச மனுசன்" என்றார்கள். எனக்கு அவர்கள் வாயை அடைக்க வேண்டும்போல் இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் போனவனுக்கு என்ன கொடுத்து வைத்திருந்தது?

போன தை மாதம் என் முறை வந்தது. பத்தாம் வகுப்பு மாடியில். கரும்பலகையில் இதயப் படம் வரைந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு வருடமும் வரைவதுதான். பெருந்தமனி வாயிலில் வால்வு, அதற்கு மூன்று இதழ் என்று அம்புக்குறி போட்டேன். சாக்பீஸ் கையிலிருந்து நழுவியது தெரிந்தது, அதற்குப் பிறகு தெரியவில்லை. கண் திறந்தபோது பிள்ளைகள் என் முகத்தில் தண்ணீரை அடித்து அடித்துச் சேலையையே நனைத்துவிட்டிருந்தார்கள்.

அதிலிருந்து நான் பட்ட பாட்டைக் கேள். தெருவில் இருக்கும் டாக்டர் பிரஷர் அதிகம் என்று ஒரு மாத்திரை கொடுத்தார். அது துடிப்பையும் சேர்த்துக் குறைக்கும் மாத்திரை. ஏற்கெனவே மெதுவாகப் போய்க்கொண்டிருந்த என் நாடி இன்னும் படுத்துவிட்டது. சாப்பாட்டுத் தட்டைக் கழுவ எழுந்தாலே தலை சுற்றியது. இன்னொரு டாக்டரிடம் போனேன். அவர் முதல் மாத்திரையை நிறுத்தினார், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டு வெகுநேரம் எடுக்கவில்லை. "உள்ள ஒரு சத்தம் வருதும்மா, எக்கோ எடுத்துட்டு வாங்க" என்றார். எக்கோ எடுத்தபிறகு இதய டாக்டரிடம் அனுப்பினார். ஒரு நாள் முழுக்க நெஞ்சில் வயர்களை ஒட்டி, இடுப்பில் ஒரு பெட்டியைக் கட்டி அனுப்பினார்கள், துடிப்பைப் பதிவு செய்ய. குளிக்கக்கூடாது. இந்தப் புழுக்கத்தில் குளிக்காமல் இருந்து பார், அப்போது தெரியும்.

என் உடம்பு இரண்டு பக்கமும் இடிபடுகிறது அண்ணே. வால்வு சுருங்கியிருப்பதால் ரத்தம் வெளியே போகிற வாசல் குறுகிவிட்டது. அதனால் பிரஷரைச் சட்டென்று இறக்கக்கூடாது. துடிப்பு மெதுவாக இருப்பதால் வழக்கமாகக் கொடுக்கிற மாத்திரைகளில் சிலதைத் தொடவே கூடாது. உப்பைக் குறை, தண்ணீரையும் கவனி, நட, ஆனால் மூச்சு வாங்குகிற அளவுக்கு நடக்காதே. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு 'ஆனால்'. இதற்கு நடுவில் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு வைத்தியம் கொண்டுவருகிறார்கள். மருதம்பட்டைக் கஷாயம், பூண்டுப் பால், தினமும் பீட்ரூட். பக்கத்து வீட்டம்மா தன் புருஷனுக்கு எழுதிக் கொடுத்த இதய மாத்திரையிலேயே இரண்டைப் பிய்த்துக் கொண்டுவந்து நீட்டினாள். "ஹார்ட்டுக்குத்தானே டீச்சர், எல்லாம் ஒண்ணுதான்" என்றாள். நான் போட்ட சத்தத்தில் அவள் இப்போதும் என்னோடு பேசுவதில்லை.

இதய டாக்டர் சின்ன வயதுப் பெண். என் மாணவியாக இருந்திருக்கலாம், அவ்வளவுதான் வயது. திரையில் என் வால்வைக் காட்டினாள். மூன்று இதழ் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தன.

"இது வயசானதால வந்தது இல்ல மேடம். பொறக்கும்போதே இப்படித்தான். இத்தனை வருசமா உழைச்சு உழைச்சு இப்ப சுண்ணாம்பு படிஞ்சிருக்கு. அந்தச் சுண்ணாம்பு பக்கத்துல துடிப்பு போற பாதையையும் தொட்டிருச்சு, அதான் இவ்வளவு மெதுவா அடிக்குது. வால்வு இப்பத்திக்குத் தாங்கும், வருசா வருசம் பார்ப்போம். துடிப்புக்கு பேஸ்மேக்கர் வச்சே ஆகணும். குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா?"

எத்தனையோ வருடம் மூன்று இதழ் என்று எழுதிப் போட்டவளின் நெஞ்சில் இரண்டு. நீயாக இருந்தால் சிரித்திருப்பாய். நான் அவள் கேட்ட கேள்வியை யோசித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறி நேராகப் பழங்காநத்தத்தில் உன் வீட்டுக்கு வந்தேன்.

மதினி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அண்ணனுக்கு வால்வுல ஏதும் இருந்துச்சா மதினி?" என்றேன். அவள் கை நின்றது. மறைக்கத் தெரியாத மனுஷி. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

உனக்குத் தெரிந்திருக்கிறது. என் மகள் கல்யாணத்துக்கு முந்தின வருடமே தெரிந்திருக்கிறது. வால்வு, துடிப்பு இரண்டையும் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். கூடப் பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் எக்கோ எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இது குடும்பத்தில் ஓடும் என்று அந்த டாக்டர் அழுத்திச் சொன்னாராம்.

"நான் சொல்லுவமுன்னுதான் சொன்னேன் தாயி. அவருதான், 'அவ மகளுக்கு இப்பத்தான் நல்ல எடம் அமைஞ்சிருக்கு. ஹார்ட்டு சீக்கு குடும்பம்னு பேரு வந்தா அம்புட்டும் போச்சு. கல்யாணம் முடியட்டும், பெறகு சொல்லிக்கலாம்'னாரு. அது முடிஞ்சதும் எங்க மக பவித்ராவுக்கு மாப்பிள்ள பாக்கணுமே, அதுக்குள்ள எதுக்குன்னாரு. மிஷினு வச்சா வெல்டிங் ராடு தொடக்கூடாதுன்னும் சொல்லிட்டாங்களாம். அது வேற அவருக்கு."

நான் எழுந்து வாசலுக்குப் போய் நின்றேன். உன் பெயர்ப் பலகை இன்னும் அங்கேதான் தொங்குகிறது. அதைக் கழற்றித் தெருவில் எறியலாம் என்று இருந்தது. கூலி வேலைக்குப் போன அப்பா அம்மாவுக்குப் பிறந்த நம்மில், நீ படிப்பை நிறுத்திவிட்டுப் பட்டறைக்குப் போனதால்தான் நான் டீச்சர் ஆனேன். அதை நான் மறக்கவில்லை, மறக்க நீ விட்டதும் இல்லை. ஆனால் என் நெஞ்சுக்குள் இருப்பதை என்னிடம் சொல்லாமல் இருக்க உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? என் மகளுக்கு அவசரமாக எக்கோ எடுத்தோம். அவளுக்கு ஒன்றும் இல்லை. அந்த முடிவு வரும்வரை நான் பட்டதை எந்தக் கணக்கில் எழுதுவது? ஊரார் வாய்க்குப் பயந்து உன்னையும் அழித்துக்கொண்டாய், என்னையும் கரும்பலகை முன்னால் விழ விட்டாய்.

இதற்கு மேல் ஒன்று நடந்தது, அதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும்.

பவித்ராவுக்கு நல்ல இடம் வந்திருந்தது. பையன் பாலிடெக்னிக்கில் வேலை பார்க்கிறான். பூ வைக்க நாள் குறித்தாகிவிட்டது. அன்றைக்கு நான் வாசலிலிருந்து உள்ளே வந்ததும் மதினி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்காத தாயி. நீயும் அந்த மிஷின இப்ப வைக்காத. அத்தைக்காரி தோள்ல கட்டோட வந்து நின்னா என்ன ஏதுன்னு கேப்பாங்க. ஆம்பள இல்லாத வீடு, ஒரு கொறையச் சொன்னா நாலு தேடுவாங்க. கல்யாணம் முடியட்டும்."

அதே சொல். உன் வாயில் பிறந்தது அவள் வாயில் வந்து என் கழுத்தைப் பிடித்தது. அவளைத் திட்டவும் முடியவில்லை. உன்னை இழந்தவள், தனியாக ஒரு பெண்ணைக் கரையேற்றப் பார்க்கிறவள். "நான் தள்ளிப்போடுறது இருக்கட்டும். பவித்ராவுக்கு எக்கோ எடுத்தீகளா?" என்று கேட்டேன். அவள் திரும்ப முருங்கைக்கீரையை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் பவித்ராவை அவள் வேலை பார்க்கிற வங்கி வாசலுக்கே போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். உன் மகள் உன்னைப் போல் இல்லை. அழுதாள், அதற்குப் பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "ஏறுங்கத்தை, எக்கோ எடுக்கப் போவோம்" என்றாள். அவளுக்கும் இரண்டு இதழ்தான். சுருக்கம் இல்லை, கசிவு இல்லை, இப்போதைக்கு வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும், கல்யாணம் பண்ணலாம், பிள்ளை பெறலாம், டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்தால் போதும் என்றார்கள். இதைக் கேட்கத்தான் அண்ணே நீ இத்தனை வருடம் பயந்தாய். கையில் இருக்கிற விளக்கைப் பொத்தி வைத்துவிட்டு இருட்டு என்று சொன்ன கதை.

பூ வைக்கும் அன்று காலையே அவள் மாப்பிள்ளைப் பையனுக்குப் போனில் சொல்லிவிட்டாள். "எனக்கு அதுல ஒண்ணுமில்ல, அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றானாம். நல்ல பையன் என்று எனக்கும் நம்பிக்கை வந்தது. கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். பையனின் பெரியப்பா சுவரில் இருந்த உன் படத்தைப் பார்த்துவிட்டு, பேச்சு வாக்கில் கேட்டார்.

"சம்பந்தி எதுல தவறுனாரு?"

மதினி முந்திக்கொண்டாள். "வெயில்ல மயங்கி விழுந்துட்டாருங்க."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பட்டுச்சேலையோடு நின்ற பவித்ரா சொல்லிவிட்டாள். "அப்பாவுக்கு ஹார்ட் வால்வுல பிரச்சனை மாமா. அத்தைக்கும் இருக்கு, அடுத்த வாரம் பேஸ்மேக்கர் வைக்கிறாங்க. எனக்கும் லேசா இருக்கு. வருசத்துக்கு ஒருக்கா பாக்கணும், வேற பயமில்லைன்னு டாக்டர் சொல்லிருக்காங்க."

எல்லோரும் பையனைப் பார்த்தார்கள். அவன் அம்மாவிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா மெதுவாக எழுந்து, "இன்னைக்கு நேரமும் அம்புட்டுச் சரியில்ல. கலந்துக்கிட்டுச் சொல்லி விடுறோம்" என்றாள். கேசரியைக் கூட யாரும் தொடவில்லை. மூடிய துணியோடு பூத்தட்டு கார் ஏறிப் போனது.

"உங்கண்ணன் மானத்தக் காப்பாத்தி வச்சிட்டுப் போனாரு, நீங்க அத்தையும் மருமகளும் ஒரே நாள்ல வாங்கிட்டீக" என்றாள் மதினி. அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. அந்த வீட்டிலிருந்தும் இதுவரை ஒரு சேதியும் இல்லை. வராது என்றுதான் தோன்றுகிறது. பவித்ரா வேலைக்குப் போகிறாள், வருகிறாள். ஒருநாள் என் வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே, "சொல்லாம இருந்திருக்கலாமோ அத்தை?" என்று கேட்டாள். இல்லை என்று உடனே சொன்னேன். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். எனக்கு எரிகிறது அண்ணே. உண்மையைச் சொன்ன பிள்ளைக்குத் தண்டனை, மறைத்த உனக்கு மாலை போட்ட படம். நீ அன்றைக்கே என் மகள் கல்யாணத்தின்போதே தைரியமாகச் சொல்லியிருந்தால், இந்தக் குடும்பத்துக்கு இது புது விஷயமாக இருந்திருக்காது. சர்க்கரை மாதிரி, கண்ணாடி போடுவது மாதிரி, எல்லோருக்கும் பழகிப்போயிருக்கும். அந்தப் பாரத்தை நீ தூக்காமல் இருபத்தாறு வயதுப் பிள்ளை தலையில் வைத்துவிட்டுப் போனாய்.

இன்றைக்கு மத்தியானம் மதினி இங்கே வந்தாள். யாரும் சொல்லவில்லை, அவளாக வந்தாள். தூக்குச்சட்டியில் உப்புக் குறைவாகப் போட்ட ரசமும் சோறும். என் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டு, பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்தாள். வெகுநேரம் வருகிறவர் போகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோளில் கட்டோடு ஒரு பெரியவர் மெதுவாக நடந்து போனார். மகன் பக்கத்தில் பையைத் தூக்கிக்கொண்டு போனான்.

"இம்புட்டுத்தானா?" என்றாள் மதினி, என்னிடமா தனக்குத்தானா என்று தெரியவில்லை. "இம்புட்டுக்குத்தான் அந்த மனுசன் பயந்தாரா?"

அவள் அழவில்லை. எனக்குத்தான் அடக்க முடியவில்லை.

வார்டில் எனக்கு ஜன்னலோரக் கட்டில் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்துக் கட்டில் காலியாக இருக்கிறது. இது பெண்கள் வார்டு, உன்னை இங்கே போட்டிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் வந்ததிலிருந்து அந்தக் கட்டிலைத்தான் பார்க்கிறேன். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாம் இரண்டு பேரும் ஒன்றாக வந்து சேர்ந்திருப்போம். ஒரே மாதிரி வால்வு, ஒரே மாதிரி கட்டு. யார் மிஷின் நல்ல மிஷின் என்று சண்டை வந்திருக்கும். நர்ஸ் வந்து நம் இரண்டு பேரையும் அதட்டியிருப்பாள். உன் மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை, ஆறும் என்றும் தோன்றவில்லை. என்னிடம் மிச்சம் இருப்பது அந்தச் சண்டைதான், உன்னோடு போட வேண்டிய சண்டை. அதை வேறு யாரோடும் போட முடியாது. நாளை எனக்கு மிஷினை வைத்து, திரும்பக் கொண்டுவந்து படுக்கப் போடும்போது, வலித்தாலும் நான் அந்தப் பக்கம்தான் திரும்பிப் படுப்பேன், அண்ணே.